சிவப்பு மருந்து

மாரித்தாய்க்குக் கொஞ்ச நாளாகக் காலையில் துப்பினால் சிவப்பாக வந்தது. அவள் பயப்படவில்லை. விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் சிவப்பு மணிமருந்து உருட்டுகிறவள் வேறு என்ன நிறத்தில் துப்புவாளாம்? வானத்தில் பூவாய் விரிகிற பேன்சி வெடிக்குள் இருக்கும் சின்ன உருண்டைகள்தான் மணிமருந்து. கையில் இருக்கும்போது அதில் சிவப்பே தெரியாது. வெளுத்துப்போய்க் கிடக்கும். மேலே போய்த்தான் சிவக்கும். வானத்தில் சிவக்கிறது வாய்க்குள்ளும் சிவக்கும் என்று அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். படித்தவர்கள் இதைவிட மட்டமான கணக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள்.

பல் துலக்கும்போதுதான் அதிகமாக வந்தது. அதனால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்கினாள். விட்ட இடம் பெரிதாகிக்கொண்டே போனது. கீழ்ப்பல் இரண்டு நாக்கு பட்டாலே ஆடின. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போனது.

கனவுதான் அவளைப் பயமுறுத்தியது. மதியச் சாப்பாடு முடிந்து வேப்பமரத்தடியில் கண் அயர்ந்தால் வரும். வாயைத் திறப்பாள். பற்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று, கீழே விழாமல், மெல்ல மெல்ல மேலே போகும். சத்தமே இருக்காது. உச்சிக்குப் போய் நிறம் நிறமாய் விரியும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். விழித்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பல் போகிற கனவு கண்டால் வீட்டில் ஒரு உயிர் போகும் என்பார்கள். வீட்டில் இருப்பது அவளும் புருஷன் கோட்டைச்சாமியும்தான். அவரோ மருந்து கலக்குகிறவர். தனி அறையில், ஒற்றை ஆளாய், மஞ்சள் நிறத்துக்குக் கலக்குகிறவர். சொன்னால் பலித்துவிடும் என்று கனவை அவரிடம் சொல்லவே இல்லை. விழவில்லையே, மேலேதானே போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

ஒருநாள் விடியலில் கோட்டைச்சாமி குழாயடியில் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். துப்பியதைக் காலால் மண் தள்ளி மூடினார். மூடுவதற்குள் மாரித்தாய் பார்த்துவிட்டாள். சிவப்பு.

அவள் போட்ட கணக்கு உதவவில்லை.

“மஞ்சளுக்குக் கலக்குறவுகளுக்கு மஞ்சளால்ல வரணும்?” என்றாள்.

“என்ன ஒளறுற?”

தன் வாயில் சிவப்பு வருவதையும், அதற்குத் தான் கண்டுபிடித்த காரணத்தையும் சொன்னாள். கோட்டைச்சாமி சிரிக்கவில்லை. குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார்.

“இம்புட்டு வருசமா மருந்தை மூச்சுல இளுத்திருக்கேன். நெஞ்சு அரிச்சுப்போச்சு, மாரி. அதான் ரெத்தம். நீ பயப்படுவேன்னு சொல்லல.”

கனவு இவரைத்தான் சொல்லியிருக்கிறது என்று மாரித்தாய் நினைத்தாள்.

அன்று இருவரும் வேலைக்குப் போகவில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பல் டாக்டர் ஞானசுந்தரியிடம் அனுப்பினார்கள்.

டாக்டர், கோட்டைச்சாமியின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டு ஈறை லேசாகத் தொட்டார். பல்லோரம் சிவப்பு கசிந்தது.

“பாத்தீகளா? இங்கன இருந்துதான் வருது. அழுக்கு தங்கிக் காரையாப் பிடிச்சிருக்கு. அதுல ஈறு வீங்கி ரெத்தம் விடுது. ரெத்தம் வருதுன்னு அந்த எடத்தை விட்டுட்டுத் தேச்சீகளோ?”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்த எடத்தைத்தான் விடக்கூடாது. மெத்துன்னு இருக்க பிரஷ்ஷால பையத் தேய்க்கணும். காலையிலயும் தேய்க்கணும், படுக்கப் போகும்போதும் தேய்க்கணும்.”

கோட்டைச்சாமி கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சாகப்போவதில்லை என்று தெரிந்த மனுஷன் அழாமல் என்ன செய்வார்.

அவருக்குக் காரையை எடுத்துச் சுத்தம் செய்ததோடு சரியாயிற்று. மாரித்தாயின் வாயையும் டாக்டர் பார்த்தார். அவளுக்குத்தான் முற்றியிருந்தது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அவளைச் சில தடவை வரச்சொல்லி ஈறுக்கு அடிவரை சுத்தம் செய்தார். ஆடுகிற பற்களைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார்.

“சரவெடி பின்னுன மாதிரியில்ல இருக்கு,” என்றாள் மாரித்தாய், கண்ணாடியைப் பார்த்து.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை கனவு வந்தது. பற்கள் மேலே கிளம்பப் பார்த்தன. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டன. வானம் சும்மா நீலமாய்க் கிடந்தது.

மறுநாள் காலையில் இருவரும் குழாயடியில் நின்று நுரை துப்பினார்கள். இரண்டும் வெள்ளை. அடுத்தவர் துப்பியதை இப்படி ஆசையாய்ப் பார்க்கிற ஜோடி அந்த ஊரில் வேறு இருக்காது.

இனிச் சொன்னால் என்ன என்று மாரித்தாய்க்குத் தோன்றியது.

“பல்லு போற கனவு வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒங்க உசுருக்குத்தான் என்னமோன்னு கெடந்து தவிச்சேன்.”

கோட்டைச்சாமி வாயைக் கொப்பளித்துத் துண்டால் துடைத்தார்.

“எனக்கும் வந்துச்சு,” என்றார். “ஆனா, போனதெல்லாம் ஒம் பல்லு.”