எடுத்து வைத்த தரை

அந்த நீச்சல் குளத்தில் ஆழம் குறைந்த பக்கமே நாலரை அடி. மூன்றடி உயரப் பிள்ளைகளுக்கு அதில் எப்படி நீச்சல் சொல்லிக் கொடுப்பது? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். ரப்பர் விரித்த இரும்பு மேடைகளைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டாள். மேலே ஏறி நின்றால் தண்ணீர் இடுப்பளவுதான். முதல் நாள் ஊரைக் கூட்டிய வாண்டுகள் மறுநாளே குதியாட்டம் போட்டன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதென்று மேடை விஷயத்தையே மறைத்தாள். முதல் பிள்ளை வருமுன் மேடை இறங்கிவிடும். கடைசிப் பிள்ளை உடை மாற்றப் போன பிறகுதான் காவலாளி அதைத் தூக்குவார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெற்றோரிடமும் மூச்சு விடவில்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அவளுக்கு நினைப்பு.

அன்று மேடைகளைக் கரையில் அடுக்கியாகிவிட்டது. மிஸ் எதிர்க்கரையில் மிதவைப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்ட நீச்சல் கண்ணாடியை எடுக்க வாலு திரும்பி ஓடி வந்தாள். வகுப்பிலேயே சின்னவள், ஐந்து வயது. பின்னால் அவள் அப்பா.

"அப்பா, நான் குதிக்கிறதப் பாருங்களேன்!"

"வேணாம்! குதிக்காத!"

மிஸ் கத்தி முடிப்பதற்குள் தண்ணீர் தெறித்தது.

அவள் பாய்ந்தாள். தினம் நாற்பது முறை கடக்கிற அந்தக் குளம் அன்று போய்க்கொண்டே இருந்தது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தாள். வாலு கையை உதறவில்லை, துடிக்கவில்லை. நின்ற வாக்கில் இறங்கிக்கொண்டே, ஒரு காலை நீட்டி நீட்டித் தரையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வாரி எடுத்துக் கரையேறி, குப்புறப் போட்டு முதுகைத் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். குபுக்கென்று தண்ணீர் வந்தது, பின்னாலேயே அழுகை. மிஸ்ஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "தெய்வம் மாதிரி வந்தீங்க மிஸ். நீங்க மட்டும் இல்லேன்னா..."

காவலாளி மேடைகளைப் பார்த்தார், தலை குனிந்துகொண்டார்.

"தரைய எங்க மிஸ் எடுத்து வெச்சீங்க?" வாலு விக்கலுக்கிடையே கோபமாகக் கேட்டாள்.

"பயத்துல என்னமோ உளர்றா," என்றார் அப்பா.

ஆமாம் என்று மிஸ் தலையாட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வேலையும் மிஞ்சியிருக்கும்.

"உளறல சார்." அடுக்கியிருந்த மேடைகளைக் காட்டினாள். "அதுமேலதான் நின்னுக்கிட்டிருந்தா. குளமே அவ்வளவுதான்னு நம்ப வெச்சது நான்தான்."

கும்பிட்ட கை இறங்கியது. "ரெண்டு மாசமாவா?"

"ரெண்டு மாசமா."

"குழந்தையக் குடுங்க." குரலில் ஈரமே இல்லை.

வாலு போகவில்லை. மிஸ்ஸின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மிஸ் தாங்கியிருப்பாள். அந்தப் பிஞ்சுக் கையை விரல் விரலாகப் பிரித்து வாலுவை அவரிடம் கொடுத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.