ஒன்றரைக் கல் சுவர்

என் புருஷன் சிரில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடவே மாட்டார். தொண்ணூற்றெட்டில் பெங்களூர் காக்ஸ் டவுனில் நாங்கள் வீடு கட்டியபோது அவர் பிடித்துக்கொண்டது மேற்குச் சுவரை. ஊரெல்லாம் ஒன்பது இன்ச்சில் கட்ட, இவருக்கு அது ஒன்றரைக் கல் கனம், அதாவது பதிமூன்றரை இன்ச், வேண்டும். அதில் ஜன்னலும் கூடாது.

"ரூம் சுருங்கிடும். கட்டில் போட்டா நடக்க எடம் இருக்காது" என்று கத்தினேன்.

"கனமா இருந்தா மத்தியான வெயில் உள்ள வர்றதுக்கே பொழுது சாஞ்சிடும் மௌரீன். அதுக்குள்ள வெளிய குளுந்துடும். ஃபேனே வேணாம் நமக்கு."

என்னவோ செய்து தொலையுங்கள் என்று விட்டுவிட்டேன். கூரை போட்டதும் உள்ளே போய் நின்றேன். மனுஷன் சொன்னது சரிதான், அறை ஜில்லென்றிருந்தது.

ஒரு சாயங்காலம் அங்கே பெருக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்குள்ளிருந்து மேஸ்திரி பழனிச்சாமியின் குரல்: "கலவைல தண்ணி ஜாஸ்தி, யாருய்யா ஊத்துனது?" வெளியே ஓடிப் பார்த்தால் ஒருவருமில்லை. மத்தியானம் அவர் அந்தப் பக்கம் நின்று திட்டிய அதே வார்த்தைகள். அப்போது வாசலிலிருந்து நானே கேட்டிருந்தேன். வெயில் மாதிரியே பேச்சும் அந்தச் சுவரில் மெதுவாகத்தான் வருகிறது! சிரிலிடம் சொன்னால், "வெயில்ல உனக்கு மண்ட கொழம்பிடுச்சுடி" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் மத்தியானம், அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் தண்ணீர் அடிக்க சிரிலே சாரத்தில் ஏறினார். நான் உள்ளே அதே அறையில் தரை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை, மாதா சத்தியமாக. சாப்பிடக் கூப்பிடப் போனபோது சாரம் சரிந்து கிடந்தது. அதன் கீழே அவர். உயிர் இல்லை.

"விழுந்ததுமே போயிருப்பார்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். என் தம்பி க்ளென்னும் அதையேதான் சொன்னான். எனக்கு மனசு ஆறவில்லை. என்னைக் கூப்பிட்டாரா, தவித்தாரா, அது தெரியாமல் நான் எப்படி அவரைப் புதைப்பேன்?

அன்றைக்கே பொழுது சாயும்போது யாரிடமும் சொல்லாமல் புது வீட்டுக்கு வந்து, அந்தச் சுவரில் காதை வைத்தேன். சுவர் கதகதப்பாக இருந்தது. முதலில் பலகை முறிகிற சத்தம். பிறகு அவர்.

"மௌரீன்... காலு மாட்டிக்கிச்சு. வாடி."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"வேலையா இருக்கியா? சரி, முடிச்சிட்டு வா."

ஐயோ, என் ராஜா! நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன்.

பின்னாலேயே க்ளென் ஓடி வந்தான். "அக்கா, இங்கயா இருக்க? பாடி வந்துடுச்சு, ஃபாதர் காத்துட்டு இருக்கார். வா" என்று கையைப் பிடித்து இழுத்தான்.

உதறினேன்.

"இருடா. அவர் இன்னும் பேசி முடிக்கல."