கிழ வாத்துகளின் முட்டை

வாத்துக்கறி விருந்துக்குப் பேர்போன மார்ட்டின் திருநாளுக்கு ஊரே கிழப் பெருவாத்துகளை அடுப்பில் ஏற்றியபோது, இல்கா மட்டும் ஏற்றவில்லை. அவள் கணவர் அம்ப்ரூஷ் கையால் தீனி தின்றவை அவை. அவர் போன பிறகு அவற்றின் கழுத்தில் கத்தி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இன்னும் ஒரு வருஷம் போனா, இதுங்க கறில செருப்புதான் தைக்கணும்," என்றார் பக்கத்து வீட்டு வெண்டல். ஆண்டுதோறும் பழையதைத் தின்றுவிட்டு இளம் வாத்துகள் வாங்குகிறவர்.

"முதல்ல மந்திரியைத் தாண்டி உள்ள வாய்யா, அப்புறம் தைக்கலாம்."

மந்திரி, கூட்டத்தின் ஆண்வாத்து. வெண்டலின் கால்சட்டையைக் கண்டாலே அதற்கு ஆகாது.

வசந்தத்தில் நோய் வந்தது. வெண்டலின் குஞ்சுகள் கழிந்து, தலை தொங்கிக் கொத்துக்கொத்தாகச் செத்தன. வேலிக்கு இந்தப் பக்கம் இல்காவின் குஞ்சுகளோ புல் மேய்ந்து கொழுத்தன. கால்நடை மருத்துவர் போர்பாலா இரண்டு வீட்டிலும் மாதிரி எடுத்துப் போனாள்.

முடிவு வரும்வரை வெண்டலுக்குப் பொறுமை இல்லை. கடைசி அடையில் பொரித்த குஞ்சுகளைப் பெட்டியோடு தூக்கி வந்துவிட்டார். அவையும் போனால் அந்த ஆண்டு அவர் கொட்டில் காலி.

"எனக்கு வந்தது முரட்டு வைரஸ், இல்கா. உனக்கு வந்தது அம்ப்ரூஷ் மாதிரி சாது. சாது முதல்ல ஒட்டிக்கிட்டா முரடன் கிட்ட வரமாட்டான். தடுப்பூசி மாதிரி. உன் முற்றத்துல விட்டுடறேன்."

இல்காவுக்கும் அது கேட்க நன்றாகவே இருந்தது. கதவைத் திறந்தாள். மந்திரிதான் விடவில்லை, கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வழிமறித்தது. வெண்டல் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் குதிக்கையில் போர்பாலாவின் வண்டி வந்து நின்றது.

"விட்டுடாதீங்க! ரெண்டு வீட்லயும் ஒரே வைரஸ்தான். மரபணுவைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாச்சு, வித்தியாசமே இல்ல. சாது வகையும் உண்டுதான். இங்க வந்தது முரடன்."

"அப்ப இவ குஞ்சு ஏன் சாகல?"

போர்பாலா இல்காவிடம் திரும்பினாள். "அத்தை, இந்தக் கிழவிங்களுக்கு முன்னாடி எப்பவாவது இது வந்திருக்கா?"

இல்கா தன் கிழ வாத்துகளைப் பார்த்தாள். "அவர் படுத்த வசந்தத்துல குஞ்சுங்க நிறையச் செத்துது. அப்ப அதையெல்லாம் யார் பார்த்தா?"

"அதான். தாய்க்கு அன்னிக்கு வந்த எதிர்ப்புச்சக்தி, முட்டையோட மஞ்சள்கரு வழியா குஞ்சுக்குப் போகுது. வெண்டல் மாமாவோட இளம் வாத்துங்களுக்கு அது இல்ல."

பெட்டியிலிருந்த குஞ்சுகளுக்கு அங்கேயே அந்த எதிர்ப்புச்சக்தி அடங்கிய சீரம் ஊசி போட்டாள். தூரத்துக் கொட்டிலில் தனியாக வைக்கச் சொன்னாள். பாதிக்குமேல் பிழைத்தன. இல்கா தன் கிழ வாத்துகளின் முட்டைகளைத் துடைத்து, ஒரு கூடை நிறைய வெண்டலிடம் கொடுத்தாள். "உன் குமரிங்க அடைகாக்கட்டும்," என்றாள். அவற்றில் பொரித்த குஞ்சு ஒன்றுகூடச் சாகவில்லை.

அடுத்த மார்ட்டின் திருநாளுக்கு வெண்டலும் தாய் வாத்துகளைத் தொடவில்லை. அவையும் இப்போது நோயைப் பார்த்தவை ஆயிற்றே. பன்றிக்கறித் தொத்திறைச்சியைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு இல்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

"உன்னால திருநாள் அதுவுமா நான் பன்றி தின்னணும்."

"செருப்பு தின்னறதுக்கு இது தேவல," என்றாள் இல்கா.

மந்திரி கதவருகே காத்திருந்தது. வெண்டல் இம்முறை முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்தார்.