உவர்மலைக் கதிரை

1963ஆம் ஆண்டு, மாரி தொடங்கிய கிழமை, கிண்ணியாவில் சித்தி பரீதா என்ற பெண் உட்கார்ந்திருந்த கதிரை அவரோடு சேர்ந்து நிலத்திலிருந்து இரண்டு முழம் எழும்பி அப்படியே நின்றது. அன்று சீலா மீன் மலிவு.

கதிரை திருட்டுக் கதிரை. திருகோணமலைப் பட்டணத்தில், உவர்மலையில், ஓர் இஞ்சினியர் வீட்டுக் குசினியில் பரீதா மா இடித்து வந்தார். மகள் றஹ்மாவைப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க அந்த இஞ்சினியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் விறாந்தையில், ஐந்து வெறுங்கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். எட்டாவது ஞாயிறு, பதின்மூன்று வயது றஹ்மா அதில் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பட்டப்பகலில் கடைத்தெரு வழியாக நடந்து, தோணியேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். கதிரையில் இருப்பவரைத்தான் யாரென்று கேட்பார்கள். சுமப்பவளை யார் கேட்கிறது?

"கேட்டு எடுத்தியா புள்ள?" என்றார் தாய்.

"கேட்டா நிக்கச் சொல்லுவாங்க உம்மா. நீங்க இருங்க."

இருந்தார், எழும்பிவிட்டது. கிடுகு வேலிக்கு மேலால் தலை தெரிந்ததும் அடுத்த வீட்டு நஜ்முன் நிஸா, "மேல காத்து நல்லா இரிக்கா ராத்தா? அப்படியே எங்கட கூரை ஒழுக்கையும் பாருங்க" என்று சத்தம் போட்டாள். தெரு கூடியது, பொலிசும் வந்தது. நிலத்தில் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது.

கயிறு கட்டி, தாயோடு கதிரையைத் தண்ணீருக்கு மேலால் இழுத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். கதிரை திரும்பக் கிடைத்தால் பிள்ளையை எச்சரித்து விடலாம், இல்லாவிட்டால் மூன்று வருஷம் சீர்திருத்தப் பள்ளிக்கூடம் என்றார் நீதவான்.

"கதிரைய விட்டு எழும்பாதீங்க உம்மா. மூணு வருஷம்தானே, நான் போய் வாறன்" என்றாள் றஹ்மா.

"ஏழு கிழம நின்டனான். இன்னும் ஒருக்கா நிக்க ஏலாதா எனக்கு?" என்று பரீதா கைப்பிடியை விட்டார்.

கதிரை இறங்கியது. பரீதா இறங்கவில்லை. மடித்த முழங்காலோடு வெறுங்காற்றில் இருந்தார். நீதவான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பொருள் கிடைத்துவிட்டது, மிச்சம் முறைப்பாட்டில் இல்லை என்று எழுதிவைத்தார்.

அடுத்த ஞாயிறு பரீதா விறாந்தையில் அப்படியே போய் இருந்தார். "உன்னை இருக்கச் சொல்லல்லையே" என்றார் இஞ்சினியர், அண்ணாந்து.

"சொல்லத் தேவல்ல ஐயா."

தேத்தண்ணி ஆறுமுன் கடிதம் கைக்கு வந்தது. றஹ்மா படித்தாள். கள்ளி என்ற பேரும் பத்தாம் வகுப்புவரை கூடவே படித்தது. 1979இல் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலையும் மேசையும் கிடைத்ததும், வருகிறவர்களுக்கென்று முன்னால் இரண்டு கதிரைகள் போடுவித்தாள். பகல் சாப்பாட்டோடு வரும் தாய்க்கு அவை தேவைப்படவில்லை. கூட்டுகிறவர் கொஞ்சம் குனிந்து, அவருக்குக் கீழாலும் கூட்டிவிட்டுப் போவார்.