முதுகுக்குப் பின்னால் நின்றவர்

“படுத்துக்கிட்டிருக்கும்போதுகூட நீங்க எதைத் தூக்கிக்கிட்டிருக்கீங்க?”

போன வாரம் டாக்டரம்மா கேட்ட கேள்வி இது. சின்னவள் அப்போது கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். கையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஆனாலும் இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தசை பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. டாக்டரம்மா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு விளையாட்டாகத்தான் கேட்டார். சின்னவளால் சிரிக்க முடியவில்லை. வாய் இத்தனை நாள் கட்டிக் காத்ததை முதுகு சொல்லிவிடும் போலிருந்தது.

இந்த வாரம் போகாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தாள். அக்கா விடவில்லை.

“கால் மரத்துப் போகுதுங்கற. நாளைக்குக் கத்தி வைக்கணும்னு சொன்னா என்னடி பண்ணுவே? பேசாம கிளம்பு.”

பேசாமல்தான் கிளம்பினாள். அக்காவோடு மாமாவும் கிளம்பினார்.

மாமா அக்காவின் கணவர், சலவைக்கடை முதலாளி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு சின்னவளுக்கு அக்கா வீடுதான் வீடு. மாமா கடையில்தான் வேலை. தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, தேய்த்து, மடித்து, மறுபடி மூட்டையாகக் கட்டி அனுப்ப வேண்டும். அக்கா முன்பக்கம் உட்கார்ந்து துணி வாங்குவாள். விரித்த மாத்திரத்தில் கறையின் மேல் விரலை வைத்து, “இது முன்னாடியே இருந்ததா?” என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. பின்கட்டு சின்னவளுக்கு. மடிக்கிற மேசை சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். வாசல் முதுகுப் பக்கம்.

மாமா கலகலப்பானவர். சாவிக்கொத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டேதான் நடப்பார். அந்தக் கிலுகிலுப்பு கேட்டால் கடைக்கே உயிர் வந்த மாதிரி இருக்கும் என்பார்கள் வேலை செய்பவர்கள். சின்னவளுக்கும் அந்தச் சத்தத்தைக் கண்டு பயமில்லை. அது நின்றுபோனால்தான் பயம். சாவிகளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அவர் தனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார் என்று அப்போது அவளுக்குத் தெரியும். இயந்திர இரைச்சலில் காலடி கேட்காது. பிடரியில் மூச்சு படும். தொட மாட்டார், பேச மாட்டார். நிற்பார். அவள் திரும்பாமல் மடித்துக்கொண்டே இருப்பாள். யாராவது உள்ளே வந்துவிட்டால், “என்ன, பயந்துட்டியா ஊமைக்கோட்டான்?” என்று உரக்கச் சிரிப்பார். வந்தவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அவள் பயம் வீட்டில் ஒரு வேடிக்கையாகிவிட்டது.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? என்ன பண்ணினார் என்று கேட்டால், நின்றார் என்றுதான் சொல்ல முடியும். சொந்தக் கடையில் ஒரு மனிதர் நிற்பது குற்றமா? ஒருவேளை அக்கா நம்ப மாட்டாள். ஒருவேளை நம்பிவிடுவாள். நம்பிவிட்டால் அக்காவின் குடும்பம் என்ன ஆகும் என்று நினைத்தபோதெல்லாம் அடுத்த விரிப்பை எடுத்து மடிக்கத் தொடங்கிவிடுவாள்.

ஒருநாள் மதியம் ஈர விரிப்புக் கூடையைத் தூக்கக் குனிந்தாள். பாதி நிமிர்ந்திருக்கையில் சாவிச் சத்தம் நின்றது. இடுப்பில் ஏதோ வெடுக்கென்று பிடித்தது. அன்று கூடையோடு தரையில் உட்கார்ந்தவளை நாலு பேர் சேர்ந்துதான் எழுப்பினார்கள்.

இன்று டாக்டரம்மா புதிதாக ஒரு கருவியை எடுத்து வைத்திருந்தார். சின்னவளின் முதுகில் சில்லென்ற வில்லைகளை ஒட்டி, அங்கியை இழுத்து மூடிவிட்டார். வில்லைகளிலிருந்து ஒயர்கள் ஒரு திரைக்குப் போயின. திரையில் இரண்டு பச்சைக் கோடுகள்.

“பயப்படாதீங்க, இது ஷாக் எல்லாம் அடிக்காது. தசை இறுகினா கோடு ஏறும், தளர்ந்தா இறங்கும். அவ்வளவுதான்.”

அக்கா விடுவாளா? “ஜவ்வு நசுங்கியிருக்குன்னுதானே ஸ்கேன்ல சொன்னாங்க. தசையைப் பார்த்து என்ன ஆகப்போகுது?”

“நீங்க மூட்டை கட்டுறவங்கதானே? மூட்டை மேல எதையுமே வைக்காம, கயிறை மட்டும் இழுத்து இறுக்கினா என்ன ஆகும்?”

“அமுங்கும்.”

“முதுகெலும்புக்கு இந்தத் தசைதான் கயிறு. அது இல்லேன்னா நம்மால நிக்கவே முடியாது. சுமையைத் தூக்கும்போது இறுகணும், இறக்கினதும் விட்டுடணும். இவங்களுக்கு விடவே மாட்டேங்குது. நடுவுல இருக்கிற ஜவ்வு பாவம், சுமையே இல்லாதப்பவும் அமுங்கிட்டே இருக்கு.”

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். கையில் ஒரு சிறிய எடை. பிடித்தபோது கோடுகள் ஏறின. கீழே வைத்தபோது மெல்ல மெல்ல இறங்கின. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“அழகு. இதுதான் வேணும்,” என்றார் டாக்டரம்மா.

வெளியே நடையில் கிலுகிலுப்பு கேட்டது. காத்திருந்து சலித்துப்போய் மாமா உலாத்துகிறார். சத்தம் அறையை நெருங்கியது. நின்றது.

இரண்டு கோடுகளும் செங்குத்தாக ஏறின.

“வில்லை கழண்டுடுச்சா என்ன?” டாக்டரம்மா குனிந்து அழுத்தி ஒட்டினார்.

“என்ன டாக்டரம்மா, ஊமைக்கோட்டானுக்குக் கரண்டு வைக்கிறீங்களா?” கதவருகே மாமாவின் குரல். “பார்த்து வைங்க, எங்க கடை மெஷினுக்கே பத்தல.”

டாக்டரம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மாமாவின் போன் அடித்தது. அவர் பேசிக்கொண்டே நடைக்குப் போனார். சாவி மறுபடி கிலுகிலுத்தது. கோடுகள் இறங்கின.

அக்கா பார்த்திருப்பாளோ? இனிமேல் ஏறவிடக் கூடாது என்று சின்னவள் பல்லைக் கடித்தாள். மூச்சைப் பிடித்தாள். அடக்க அடக்கக் கோடு ஏறியது. தன் முதுகே தன்னைக் காட்டிக்கொடுப்பதைப் பார்த்தபடி நின்றாள்.

“மூச்சு விடுடி,” என்றாள் அக்கா. பிறகு வாசலைப் பார்த்து, “என்னங்க, இப்படிக் கொஞ்சம் வாங்க,” என்றாள். கடையில் கறையின் மேல் விரலை வைத்த பிறகு வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரல்.

“வேண்டாம்க்கா,” என்றாள் சின்னவள். அவளுக்கே கேட்காத குரலில்.

“எதுக்கு என்னைக் கூப்பிடறே?” என்றபடி மாமா வந்தார்.

“சும்மாதான். இவ பின்னாடி நில்லுங்க.”

நின்றார். சாவிகள் உள்ளங்கைக்குள் அடங்கின. கோடுகள் திரையின் உச்சியைத் தொட்டன.

“தள்ளிப் போய் நில்லுங்க.”

தள்ளிப் போனார். கோடுகள் பாதி இறங்கின. டாக்டரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பும் இறங்கிவிட்டது.

“அட, ஆம்பளை பக்கத்துல வந்தா கூச்சம் அவளுக்கு,” என்றார் மாமா. “இதைக் கண்டுபிடிக்க ஒரு மெஷினா?”

வெந்நீர்ப் பையோடு அப்போது உள்ளே வந்தார் உதவியாளர், வயதான மனிதர்.

“ஐயா, இந்தப் பொண்ணு பின்னாடி கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் அக்கா.

“நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?” என்று கேட்டுக்கொண்டே அவர் போய் நின்றார். கோடுகள் சற்று அசைந்து, அப்படியே படுத்துவிட்டன. “போகலாமா?” என்றார். அக்கா தலையாட்டினாள். அவர் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனார்.



“கடையில நான் முன்னாடி உட்கார்ந்திருப்பேன்,” என்றாள் அக்கா. மாமாவைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி பேசினாள். “பின்கட்டுல சாவிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். திடீர்னு நிக்கும். நீங்க பின்வாசல் வழியா வெளியே போயிட்டீங்கன்னு நினைச்சுப்பேன்.”

“முதலாளின்னா நாலு இடத்துல நிக்கத்தான் செய்வான்.”

“நிக்கலாம். சாவியை எதுக்குப் பொத்தணும்?”

மாமா டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா கண்ணை விலக்கவில்லை. அக்காவைப் பார்த்தார். கடைசியாகச் சின்னவளின் முதுகைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை, ஆனாலும் அவர் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

அக்கா எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். அவள் கை பின்னால் நீண்டு தங்கையின் அங்கியைப் பற்றிக்கொண்டது. அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது. அக்காவுக்கும் பயம்தான்.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டாள். நடை நீளமானது, கிலுகிலுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று தெரிந்துவிடும். ஆனால் எதுவும் கேட்கவில்லை. அக்காவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், டாக்டரம்மாவும்தான். திரையில் கோடுகள் உச்சியிலேயே நின்றன. சாவிகளைக் கைக்குள் பொத்திக்கொண்டு மாமா போய்விட்டிருந்தார்.