பழைய ஃபைலில் இருந்த தகப்பன்

"அன்ரி, எங்கட அப்பான்ர பேரை ஆர் மாத்தினது?"

சுபோதினி மேசையில் போட்ட தாளை மரியகொறற்றி எடுத்துப் பார்த்தாள். கொட்டாஞ்சேனையில் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஸ்ரனிஸ்லாஸிடம் பதினொரு வருடமாக ரைப் செய்பவள் அவள். கையிலிருந்தது சுபோதினியின் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு. தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் நாகேந்திரம் என்று இருந்தது.

"அப்பா ஸ்ரீஸ்கந்தராசா. உந்த நாகேந்திரம் ஆர்?"

ஆரென்று மரியகொறற்றிக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை தெமட்டகொடையிலிருந்து வந்த ஒருவரின் தகப்பன். அந்த ஃபைலைத் திறந்து, அதற்கு மேலேயே சுபோதினியின் விபரங்களை அடித்திருந்தாள். எப்போதும் அப்படித்தான். புதுப் பக்கம் திறந்தால் எழுத்து வேறு, வரிக்கு வரி இடைவெளி, தாளின் அளவும் வேறு. கையெழுத்தும் சீலும் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடும். அப்படிப் போனால் வெளிநாட்டு அலுவலகங்களில் எடுக்கமாட்டார்கள்.

"ரெண்டு மணிக்கு வீசா ஒஃபிஸில நிக்கவேணும். விட்டா இனி ரெண்டு மாசத்துக்கு டேற் இல்லை" என்றாள் சுபோதினி. "கலியாணம் முடிச்சு ஒரு வருசமா அவர் அங்க தனிய நிக்கிறார்."

மணி பன்னிரண்டு பத்து.

"கொறற்றி, பிள்ளைக்கு வேற அப்பாவையே பார்த்துக் குடுத்திட்டீரே!" உள்ளேயிருந்து ஸ்ரனிஸ்லாஸ் வந்தார்.

"பேரை மட்டும் மாத்திவிடுறன் சேர்."

"அதில இன்னும் ஆரின்ர விபரம் கிடக்குதோ! சத்தியம் பண்ணிச் சீல் குத்துறவன் நான். புதுசா அடியும்."

புதுசா. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அவள் புதுப் பக்கம் திறந்தாள். அதே சனியன் எழுத்து. எழுத்தை மாற்றினாள். இடைவெளியை எடுத்தாள். தாளை ஏ ஃபோர் ஆக்கினாள்.

"டிஃபோல்ட்டா வைச்சு விடுங்கோவன், அன்ரி. பிறகு ஒவ்வொருக்காலும் மாத்தத் தேவையில்லையே."

"நூறு தரம் வைச்சிட்டன் பிள்ளை. நிக்குதில்லை. இந்தா பாரும்!"

மூன்று இடத்திலும் டிஃபோல்ட் பட்டனை அழுத்தினாள். எல்லா டொக்கியுமென்ற்றுக்கும் என்பதையும் மறக்காமல் தெரிவு செய்தாள். திறந்து கிடந்த எல்லாவற்றையும் மூடினாள். மூடும்போது ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ கேட்டது. பார்க்காமலே "நோ" கொடுத்தாள். திரும்பத் திறந்தால் பழைய எழுத்து, பழைய இடைவெளி.

"கண்டீரோ?"

"அன்ரி, அது என்ன கேட்டது?"

"என்னவோ."

"மாத்தினதைச் சேவ் பண்ணவோ எண்டெல்லோ கேட்டது! ஏன் நோ குடுத்தனீங்கள்?"

"விளங்காத கேள்விக்கு நோ குடுக்கச் சொல்லிச் சேர்தான் சொன்னவர்."

ஸ்ரனிஸ்லாஸ் தலையில் கை வைத்தார். "ஐயோ மனிசி, அது வைரஸ் வந்த நேரம் சொன்னது! ஆறு வருசமாச்சு!"

"நிப்பாட்டச் சொல்லேல்லையே நீங்கள்."

மறுபடி மூன்று இடம். மறுபடி மூடினாள். பெட்டி வந்தது. "யெஸ்." திறந்தாள். எழுத்து சரி, இடைவெளி இல்லை, தாளும் சரி. ஆறு வருடம் இந்த ஒரு பட்டனுக்காகவா? அழவும் சிரிக்கவும் நேரமில்லை. அடிக்கத் தொடங்கினாள்.

ஒரு மணிக்குத் தாள் வெளியே வந்தது. ஒரே பக்கம். சுபோதினி சீல் குத்த விடவில்லை. சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். மரியகொறற்றியும் அந்த விரலின் பின்னாலேயே வாசித்தாள்.

"சரி. குத்துங்கோ."

படியில் செருப்புச் சத்தம் ஓடி இறங்கியது. கீழே த்ரீவீலர் புறப்பட்டது.

மரியகொறற்றி அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபைலுக்கு மேலேயே அடித்த மற்றவற்றைத் தேடினாள். சுபோதினியைத் தவிர இன்னும் நாலு பேர். நாலு பேரும் சான்றிதழையும் தாளையும் கொண்டுபோய்விட்டார்கள். அவள் போனை எடுத்து முதலாவது நம்பரை அடித்தாள்.

"ஹலோ தம்பி, ட்ரான்ஸ்லேஷன் ஒஃபிஸிலயிருந்து கதைக்கிறன். கோவிக்காதையும்... உம்மட அப்பான்ர பேர் என்ன?"