கல் தொட்டியில் விழுந்தது

உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் தங்கைக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் அக்காதான். அக்கா அங்கே மேற்பார்வையாளர். தங்கைக்குப் பெல்ட்டில் வேலை. சேறும் வேருமாக வந்து இறங்கும் கிழங்குகளுக்கு நடுவே கல், ஆணி, உடைந்த பாட்டில் என்று எது ஓடி வந்தாலும் பொறுக்கி, பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும்.

அன்று காலை கையில் சிக்கியது கிழங்கு அளவுதான் இருந்தது, ஆனால் கனத்தது. சேற்றை விரலால் வழித்தாள். கட்டம் கட்டமாக வரிவிழுந்த இரும்பு. மனசுக்குச் சரியாகப் படவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பெல்ட்டை நிறுத்தினாள்.

அக்கா பறந்து வந்தாள். "ஏன்டி நிறுத்தினே? போன தடவை நின்னதுக்கே நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா?"

"இதைப் பாருக்கா. ஒரு மாதிரியா இருக்கு."

அக்கா அரைக்கண்ணால் பார்த்தாள். "டிராக்டர்லேருந்து கழண்டு விழுந்த ஏதோ ஒண்ணு. தொட்டியில வீசிட்டு வேலையைப் பாரு."

வீசினாள். கற்களின் மேல் ணங்கென்று விழுந்தது.

மதியம் தொட்டியைக் கொட்டப் போன தள்ளுவண்டிக்காரர் போட்ட கூச்சலில் கட்டடமே காலியானது. எந்த வயலில் கிடந்ததோ, எந்தக் காலத்துச் சண்டையில் யார் எறிந்ததோ, அது கையெறி குண்டு. போலீஸ்காரர்கள் அதைப் பின்புறப் பொட்டலுக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். ஜன்னல்களெல்லாம் அதிர்ந்தன.

"இதையா கல்லு மேல வீசினீங்க? உங்களுக்கு ஆயுசு கெட்டி" என்றார் அவர்களில் ஒருவர். தங்கை தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

"புதுசு சார். என்கிட்டகூடக் காட்டாம போட்டுட்டா."

உண்மையைச் சொல்லத் தங்கை வாயெடுத்தாள். அக்காவின் வேலையை நினைத்து விட்டுவிட்டாள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனாள்.

சாயங்காலம் அக்கா வந்தாள். "எனக்கு வேலை போயிருந்தா ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்திருக்கும்டி. உனக்கு வேற இடத்துல சொல்லி வைக்கிறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ஏத்துக்கிட்டிருப்பேன்."

"கேக்க நேரம் எங்கே இருந்துச்சு?"

"குண்டை எடுக்கிற வரைக்கும் வெளியே உன் பக்கத்துலதானேக்கா நின்னேன்?"

அக்கா எழுந்து கிளம்பப் பார்த்தாள்.

"அது என் கையிலேயே வெடிச்சிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பே" என்றாள் தங்கை. குரலை உயர்த்தவேயில்லை. அக்கா அழுதாள். தங்கைக்கு அழுகை வரவில்லை.

பிறகு ஒரு சலவைக் கடையில் தானாகவே வேலை தேடிக்கொண்டாள். உறவு ஒன்றும் முறிந்துவிடவில்லை. அக்கா வந்தால் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள், டீ கொடுக்கிறாள், பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறாள்.

"வேலை எப்படிடி போகுது?" என்று அக்கா கேட்டால், "போகுதுங்க" என்கிறாள்.

கூடப் பிறந்தவளிடம் இந்த 'ங்க' எப்போது வந்தது என்று அக்காவும் கேட்பதில்லை.